கழுகுக்கூட்டுத் திறப்பு விழா

சூசைமுத்து செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். பார்த்ததைக் கிராணியிடம் சொன்னார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. தோட்டத்தின் வழக்கம் அப்படி. கொழுந்து வெட்டுகிற மலையில் குளவிக்கூடோ, மலைப்பாம்போ, சாயப்போகிற மரமோ கண்ணில் பட்டால், பக்கத்துத் தேயிலைச் செடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, சாயங்காலம் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் சொல்லிவிட வேண்டும். அவர் மலைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். மறுநாள் வருகிறவர்கள் துணியைப் பார்த்ததும் அந்த நிரையை விட்டு அடுத்த நிரைக்குப் போய்விடுவார்கள். ஏன், என்ன என்று யாரும் கேட்பதில்லை. இருபத்தெட்டு வருஷமாகக் கொழுந்து வெட்டும் மெஷினின் ஒரு முனையைப் பிடித்து நடக்கிறவர் சூசைமுத்து. மறுமுனையைப் பிடிக்கிறவன் ராமையா. இவர்கள் இரண்டு பேரும் கட்டிய சிவப்புத் துணியைச் சேர்த்துத் தைத்தால் ஒரு கல்யாணப் பந்தலே போடலாம்.

பதினாலாம் நம்பர் மலையில் அன்றைக்கு அவர் கண்டது கழுகுக்கூடு. தேயிலை முடிகிற இடத்தில் பள்ளம், பள்ளம் நிறையக் காடு. காட்டுக்குள்ளிருந்து எழும்பி நிற்கிற பெரிய மரம் ஒன்றின் கவையில், நிரையில் நிற்கிறவன் கண்ணுக்கு நேராக, ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம் போல ஒரு சுள்ளிக்கூடு. அதில் கறுப்பும் வெள்ளையுமாக, தலையில் நீளக் குடுமியோடு ஒரு கழுகு உட்கார்ந்து அவரையே பார்த்தது. 'வந்த வேலையைப் பார்த்துக்கிட்டுப் போ' என்கிற பார்வை. சூசைமுத்து துணியைக் கட்டினார். கிராணி வசந்தனிடம் சொன்னார். கிராணி புத்தகத்தில் எழுதினார். கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஐந்து வாரம், கதை முடிந்த மாதிரியேதான் இருந்தது. வேலை முடிந்ததும் அவரும் மனைவி ரீட்டாவும் பதினாலாம் நம்பருக்கு நடந்து போய், துணி கட்டிய செடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். ரீட்டா கைப்பேசியில் படம் எடுப்பாள். படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். "இதுதான் குடுமி," என்று புள்ளியின் ஒரு மூலையைக் காட்டுவாள். ஆறாவது வாரம் கூட்டுக்குள் ஒரு வெள்ளைப் பஞ்சு அசைந்தது. ஒரே ஒரு குஞ்சு. அந்த ஜாதிக் கழுகு ஒரு முட்டைக்கு மேல் இடாதாம். அன்றைக்கு ராத்திரி ரீட்டா ஜெபம் சொல்லும்போது பிள்ளைகள் பெயரோடு இந்தக் குஞ்சையும் சேர்த்துக்கொண்டாள்.

அந்த வாரம்தான் தோட்டத்துத் துரை மலைப் புத்தகத்தைப் புரட்டினார். பதினாலாம் நம்பரில் ஒரு நிரையை ஏன் ஆறு வாரமாக வெட்டவில்லை என்று கேட்டார். கிராணி வசந்தன் பொய் பேசத் தெரியாத மனிதர். கழுகு என்றார். துரை உடனே போனை எடுத்தார்.

போன் போனது பக்கத்து ஊரான தானா ராத்தாவுக்கு. அங்கே ஒரு கடைக்கு மேல்மாடியில் 'மலைநாட்டு அரும்பறவைப் பாதுகாப்பு ஒளிப்படக் கழகம்' இருக்கிறது. எண்பத்திரண்டு உறுப்பினர்கள், பதினேழு துணைக்குழுக்கள், நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் பச்சை அட்டை போட்ட ஒரு நெறிமுறைப் புத்தகம். தொடங்கிப் பதினோரு வருஷமாகிறது. சும்மா சொல்லக்கூடாது, பதினோரு வருஷத்தில் அவர்கள் ஒரு விதியைக்கூட மீறியதில்லை. மீறுவதற்கு ஒரு அரும்பறவை கிடைக்க வேண்டுமே. இப்போது கிடைத்துவிட்டது.

முதலில் வந்தது இரகசியக் காப்புத் துணைக்குழு. கூடு இருக்கும் இடம் வெளியே தெரியவே கூடாது என்பது பச்சைப் புத்தகத்தின் முதல் விதி. ஆகவே பெரிய சாலை ஓரத்தில் நான்கு மொழியில் ஒரு பலகை நட்டார்கள்: 'அரிய கழுகின் இரகசியக் கூடு. இடத்தை யாருக்கும் வெளியிடாதீர்.' கீழே பதினாலாம் நம்பரைக் காட்டி ஓர் அம்புக்குறி.

"இந்த அம்பு எதுக்கு மேடம்?" என்று கேட்டார் சூசைமுத்து.

கழகச் செயலாளர் வனஸ்ஸா கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்த பெண். மரியாதை தெரிந்தவள். "அங்கிள், அம்பு இல்லேன்னா எந்த இடத்தை வெளிய சொல்லக்கூடாதுன்னு பப்ளிக்குக்கு எப்படி லா தெரியும்?" என்றாள்.

அடுத்த நாள் தூரக் கட்டுப்பாட்டுத் துணைக்குழு. கூட்டுக்கும் ஆளுக்கும் நடுவில் ஐம்பது மீட்டர் இருக்க வேண்டும். நேராக அளந்தால் நாற்பத்திரண்டுதான் வந்தது. பெரிய சிக்கல். மூன்று பேர் அளவு நாடாவோடு பள்ளத்தில் இறங்கி, மரத்தடிக்குப் போய், மரத்தை இரண்டு முறை சுற்றி வந்து, மறுபடி ஏறி வந்து அளந்தார்கள். அறுபத்தொன்று வந்தது. கைகுலுக்கிக் கொண்டார்கள். அவர்கள் மரத்தடியில் நின்ற அந்த ஒரு மணி நேரமும் தாய்க் கழுகு கூட்டுக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. 'பறவை உற்சாகமாக உள்ளது' என்று அறிக்கையில் எழுதினார்கள்.

மூன்றாவது வந்ததுதான் பாவிக் குழு. இலை ஒழுங்குத் துணைக்குழு என்று பெயர். கூட்டுக்கு மேலே கூரை மாதிரி கவிந்திருந்த இரண்டு கிளைகள் படத்தில் நிழல் விழ வைக்கின்றனவாம். மரம் ஏறத் தெரிந்த ஒருவனைப் பிடித்து இரண்டையும் வெட்டி இறக்கினார்கள்.

சூசைமுத்து ஓடிப்போய் நின்றார். "மேடம், மழைக்கு அதுதான் மேடம் கூரை. குஞ்சு சின்னது. இன்னும் இறகே மொளைக்கல."

"அங்கிள், இயற்கையில நாம தலையிடவே கூடாது. அதான் எங்க அடிப்படைக் கொள்கை," என்றாள் வனஸ்ஸா. "நாங்க இலையை மட்டும்தான் எடுத்தோம். மழையை ஒண்ணும் பண்ணலையே."

போகிற போக்கில் செடியில் கட்டியிருந்த சிவப்புத் துணியையும் அவிழ்த்தார்கள். சிவப்பு நிறம் பறவைக்கு மன உளைச்சல் தருமாம், எழுபத்து மூன்றாம் பக்கம். துணி இருந்த இடத்தில், வருகிற சனிக்கிழமை நடக்கவிருக்கும் திறப்பு விழாவுக்கு இருபதடிப் பதாகை கட்டினார்கள். அதன் நிறமும் சிவப்புதான். ஆனால் அதற்கு அனுமதி வாங்கியிருந்தார்கள்.

"எதைத் தெறக்கப் போறாங்களாம்?" என்று ரீட்டா கேட்டாள்.

"கூட்டைத்தான்."

"அது தெறந்துதானே கெடக்கு? மேல இருந்த கூரையையும் எடுத்துட்டாங்களே!"

சூசைமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரம் இரண்டு நாள் நல்ல மழை. இரண்டு நாளும் தாய்க் கழுகு இறக்கையை விரித்துக் குஞ்சின் மேல் கவிந்து, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, அசையாமல் நின்றதை அவர் பார்த்தார். இந்த மழையில் அது ஒரு மணி நேரம் எழுந்து போனால் குஞ்சு விறைத்துப் போகும். அதற்குப் படித்தவன் வந்து சொல்ல வேண்டியதில்லை. "நான்தானே காட்டிக் குடுத்தேன்," என்றார். "யூதாசுக்காவது முப்பது வெள்ளிக்காசு கெடச்சிச்சு. எனக்கு ஒரு டீ-சட்டை."

டீ-சட்டை உண்மை. விழாவுக்கு 'உள்ளூர்ச் சமூகம்' வேண்டும் என்று தோட்டத்து ஆட்கள் ஐம்பது பேருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். நெஞ்சில் ஒரு கழுகுப் படம். அது அமெரிக்காவில் இருக்கிற வெள்ளைத்தலைக் கழுகு. தலையில் குடுமி இல்லையே என்று ராமையா கேட்டதற்கு, அச்சடித்தவரிடம் அந்தக் கழுகுதான் இருந்தது என்று பதில் வந்தது. எல்லாரும் கொழுந்துச் சாக்கையும் கையோடு கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. படத்தில் உழைப்பாளி மாதிரி தெரிய வேண்டுமாம்.

சனிக்கிழமை விடிந்ததும் பந்தலுக்கு இரும்பு முளை அடித்தார்கள். முதல் அடிக்கே தாய்க் கழுகு எழும்பிப் போய்விட்டது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காய்ந்த மரத்தில் உட்கார்ந்தது. அதன் காலில் என்னவோ இரை தொங்கியது. குஞ்சுக்குக் கொண்டுவந்தது. அதைத் தின்னவும் இல்லை, கொண்டுவரவும் இல்லை. அப்போது மணி ஏழே முக்கால்.

எட்டரைக்கு ஜெனரேட்டர் ஓடியது. ஒலிபெருக்கி வந்தது. "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ. அன்பர்களே! கூட்டுக்கு அருகில் அமைதி காக்கவும்! மீண்டும் கேட்டுக்கொள்கிறோம், அமைதி! அமைதி!" பள்ளம் அந்த அமைதியை மூன்று முறை திருப்பிச் சொன்னது.

முன்வரிசையில் முக்காலி போட்டு முப்பத்தேழு கேமராக்கள். ஒவ்வொன்றின் மூக்கும் சூசைமுத்துவின் தொடை அளவு இருந்தது. யார் எங்கே நிற்பது என்பது உறுப்பினர் எண் வரிசைப்படி. ஆனால் சிறப்பு விருந்தினர் வந்து நாடா வெட்டும்வரை யாரும் ஒரு படமும் எடுக்கக் கூடாது. வெட்டிய பிறகுதான் பறவை அதிகாரபூர்வமாகப் பறவை. சிறப்பு விருந்தினரோ கோலா தெர்லா சாலையில் காய்கறி லோரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார் என்று ஒன்பது மணிக்குச் சொன்னார்கள். பத்து மணிக்கும் பத்து நிமிஷம்தான் இருந்தது.

கூட்டில் குஞ்சு தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. பதினாறு நாள் குஞ்சு. அலகைத் திறந்து கத்துவது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. ஒலிபெருக்கி விடவில்லை.

தாய்ப்பறவை இல்லாமல் விழாவா என்று ஒலிக்குழு சுறுசுறுப்பானது. கழுகு கூப்பிடுவது போல ஒரு பதிவை ஒலிபெருக்கியில் போட்டார்கள். அது எந்த ஊர்க் கழுகோ தெரியாது. காய்ந்த மரத்தில் இருந்த தாய் அதைக் கேட்டதும் இன்னும் இரண்டு மரம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. "கவனிச்சீங்களா? ரெஸ்பான்ஸ் பண்ணுது," என்றாள் வனஸ்ஸா.

பதினொன்றரைக்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியது. இந்த மலையில் பிறந்தவனுக்கு அதன் அர்த்தம் தெரியும். ஒரு மணிக்குள் மழை. சூசைமுத்து வரிசையை விட்டு எழுந்து வனஸ்ஸாவிடம் போனார்.

"மேடம், நாலு மணி நேரமாச்சு. தாய் வரல. குஞ்சு நடுங்குது. எல்லாரும் ஒரு அரை மணி நேரம் மேல ரோட்டுக்குப் போயிட்டா அது வந்துரும் மேடம். மழை வருது."

"உங்க அக்கறை எனக்குப் புரியுது அங்கிள்." அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "இது பி-மூணு பாரம். பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்கிறதுக்கு. மூணு காப்பி எழுதி, விழாவுக்குப் பதினாலு நாள் முந்தி குடுத்துருங்க."

"விழா இன்னிக்குத்தானே மேடம்?"

"அதான் அங்கிள், லேட்டாக் குடுத்தா எடுத்துக்க மாட்டாங்க."

அவர் தாளோடு திரும்பினார். மேடையில் கழகத் தலைவர் டத்தோ சாம்பசிவம் எழுந்தார். திரிங்காப்பில் கோஸும் தக்காளியும் பயிரிட்டுப் பெரிய ஆளாகி, டத்தோ பட்டமும் வாங்கியவர். சிறப்பு விருந்தினர் வரும்வரை இரண்டு வார்த்தை பேசுவதாகத்தான் எழுந்தார்.

"அன்பர்களே! கழுகுன்னா எனக்கு உயிர். சின்ன வயசுல திரிங்காப்ல எங்க தோட்டத்துக்குப் பின்னால காட்டுல தெனம் இதுங்க பறக்கும். யாரும் ஏறெடுத்துப் பார்க்கல. ஏன்? நெறைய இருந்துச்சு. நான்தான் அந்த நாப்பது ஏக்கரையும் சுத்தம் பண்ணேன். அப்புறம் அந்தாண்ட முப்பது. இப்போ அங்க ஒரு கழுகு இல்ல. இன்னிக்கு ஒரு கழுகைப் பார்க்க முப்பத்தேழு கேமரா வந்திருக்குன்னா, அந்த மதிப்பை அதுக்குக் குடுத்தது யாரு? சொல்லுங்க! அரிய பறவை, அரிய பறவைன்னு சொல்றோமே, அதை அரிதாக்குனது யாரு?"

பலத்த கைதட்டல். டத்தோவின் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. அதுதான் கொடுமை.

"நன்றி, நன்றி. பாதுகாப்புன்னா என்னா? ஒரு பொருள் கடைசி ஒண்ணா ஆகுற வரைக்கும் பொறுமையாக் காத்திருக்கிறது. அந்தப் பொறுமை நம்ம கழகத்துக்கு இருக்கு!"

மூடுபனி கூட்டைத் தொட்டது. குஞ்சு இப்போது தலையைத் தூக்கவில்லை. கூட்டின் ஓரத்தில் சுருண்டு, ஒருமுறை உடம்பை உதறியது. பிறகு அதுவும் இல்லை. சூசைமுத்துவின் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. முன்வரிசையில் கேமராக்களுக்குக் குடை பிடித்தார்கள்.

அட கர்த்தாவே, என்றது அவர் நெஞ்சு. டத்தோவிடம் நேராகப் போய்ச் சொல்லலாமா? பாதி வழியில் கிராணி வசந்தன் மறித்தார். கல்யாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். "சூசை, போய் உக்காரு லா. துரை பார்க்குறாரு. வேலைக்கு வேட்டு வச்சுக்காதே."

"கிராணியாரே, செத்துப்போயிரும்."

கிராணி கூட்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "எனக்கு என்னா அதிகாரம் இருக்கு?" என்றார்.

சூசைமுத்து திரும்பினார். ஐம்பது பேர் நிரை நிரையாகச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் என்ன நினைத்தாரென்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். ஒன்றும் நினைக்கவில்லை. தொண்டை தானாகத் திறந்தது.

"குளவீ!"

தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் கிடையாது. கேட்டால் ஓடக்கூடாது. ஓடினவனைத்தான் அது துரத்தும். மோட்டாரை நிறுத்து, செடிக்கு அடியில் குப்புறப் படு, சாக்கைத் தலைக்கு மேல் இழு, மூச்சைக்கூடச் சத்தமாக விடாதே. நேப்பாளத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு மலாயும் தமிழும் வருவதற்கு முன்னால் சொல்லிக்கொடுக்கிற முதல் சொல் அது. குளவி கொட்டிச் செத்தவர்களை இந்த மலை பார்த்திருக்கிறது.

ஐம்பது பேரும் ஒரே வீச்சில் மறைந்தார்கள். இருந்த இடத்தில் வெறும் தேயிலைதான் நின்றது. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவனும் தோட்டத்துப் பிள்ளைதான். அணைத்துவிட்டுப் படுத்தான். "வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த" என்று டத்தோ சொல்லிக்கொண்டிருந்தபோதே ஒலிபெருக்கி செத்தது. கிராணி வசந்தன் கல்யாணக் கோட்டோடு சேற்றில் விழுந்தார்.

டத்தோ மேடையில் நின்று "எங்க? எங்க?" என்று கையால் காற்றை அடித்தார். இல்லாத குளவியைவிட, படுத்துக் கிடந்த ஐம்பது பேர்தான் அவரை அதிகம் பயமுறுத்தினார்கள். குதித்தார். ஒரு செருப்பை விட்டுவிட்டு மேட்டில் ஏறினார். அவருக்குப் பின்னால் பதினேழு துணைக்குழுக்களும் ஓடின. இரண்டு நிமிஷத்தில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம், வண்டிகள் கிளம்பும் சத்தம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மழை மட்டும் இலையில் விழுந்துகொண்டிருந்தது. முப்பத்தேழு கேமராக்களும் கூட்டைப் பார்த்தபடி நனைந்துகொண்டு நின்றன. அமுக்க ஆளில்லை.

சூசைமுத்து செடிக்கு அடியில் கன்னத்தை மண்ணில் வைத்துக்கொண்டு பார்த்தார். கூட்டில் அசைவு இல்லை. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். காய்ந்த மரத்தில் தாய் உட்கார்ந்தபடியே இருந்தது. எழும்பு, எழும்பு தாயே என்று பல்லைக் கடித்தார். 'அருள் நிறைந்த மரியே' பாதியில் மறந்து போனது.

"சூசை," என்று பக்கத்துச் செடியிலிருந்து கிராணியின் குரல் மெதுவாக வந்தது. "குளவி எங்க லா? ஒண்ணும் காணோமே?"

"படுங்க கிராணியாரே. இன்னும் போகல."

அப்போதுதான் அது வந்தது. பள்ளத்துக்குக் குறுக்கே ஒரே இழுப்பில் வந்து கூட்டின் விளிம்பில் நின்றது. குனிந்து குஞ்சை அலகால் தொட்டது. ஒன்றுமில்லை. மறுபடி தொட்டது. சூசைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அந்த வெள்ளைப் பஞ்சு, குடிகாரன் எழுவது போல ஆடிக்கொண்டு, கழுத்தைத் தூக்கியது. தாய் இரண்டு இறக்கையையும் விரித்து அதன் மேல் கவிந்தது.

அடுத்த செடியில் கிராணி வசந்தன் கோட்டைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு கூட்டைப் பார்த்தார். சாக்குகளுக்கு அடியிலிருந்து ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. மழை விட ஒரு மணி நேரம் ஆனது.

திங்கட்கிழமை தானா ராத்தாவில் விசாரணை. குற்றம்: இல்லாத குளவியைக் கூவி அரும்பறவைக்கு இடையூறு விளைவித்தது. குளவி இல்லை என்று நிரூபணமானால் சூசைமுத்துவுக்குப் பதினாலாம் நம்பரில் கால் வைக்கத் தடை, விழா வருகிற சனிக்கிழமை மறுபடி. சூசைமுத்துவுக்குத் தடையைப் பற்றிக் கவலை இல்லை. இன்னொரு சனிக்கிழமையைக் குஞ்சு தாங்காது.

ராமையாவைக் கூப்பிட்டார்கள். அவனுக்கு மூன்று நாளாகப் பல்வலி. ஒரு பக்கக் கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. கன்னத்தைத் திருப்பிக் காட்டினான். "கொட்டிருச்சு டத்தோ," என்றான். குழுவினர் குறிப்பு எடுத்தார்கள்.

அடுத்து கிராணி வசந்தன். சூசைமுத்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷ வேலையில் ஒரு பொய்க் கணக்கு எழுதாத மனிதர்.

"பார்த்தேன் டத்தோ," என்றார் கிராணி. "கண்ணால பார்த்தேன். பெருசு." கட்டை விரலைக் காட்டினார். பிறகு யோசித்து, விரலை நீட்டி முழுக் கையையும் காட்டினார். "இத்தாம் பெருசு."

வனஸ்ஸா பேனாவைக் கீழே வைத்தாள். "டத்தோ, முப்பத்தேழு பேர்ல ஒருத்தர்கூட குளவியைப் பார்க்கல. படமும் இல்ல. குளவி வரலைங்கிறதுதான் உண்மைன்னு நெனக்கிறேன்."

டத்தோ சாம்பசிவம் அவளையே பார்த்தார். ஒரு செருப்போடு மேடேறி ஓடியதை எண்பது பேர் பார்த்திருக்கிறார்கள். குளவி இருந்தால் அது ஆபத்திலிருந்து தப்பியது. குளவி இல்லையென்றால்?

"யாரு சொன்னா வரலைன்னு?" டத்தோ மேசையைத் தட்டினார். "என் காதுக்கிட்டயே வந்துச்சு! இந்தக் கழகத் தலைவரு ஒண்ணும் இல்லாததுக்கா ஓடுவாரு? நான் ஓடல. எல்லாரையும் காப்பாத்த முன்னால போனேன். அதோட சத்தம் இருக்கே, ஹெலிகாப்டர் மாதிரி! கிராணி சொன்னது கம்மி. ஒரு புறா அளவு இருக்கும்!"

வனஸ்ஸா புத்தகங்களைப் புரட்டினாள். அந்த அளவில் ஒரு குளவி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவள் முகம் மெல்ல மாறியது. "அப்படின்னா டத்தோ, இது யாருமே பதிவு பண்ணாத இனம்."

"அரிய இனம்," என்றார் டத்தோ.

"ரொம்ப அரிய இனம்."

அதற்குப் பிறகு கழுகைப் பற்றி யாரும் பேசவில்லை. கழுகுக் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு, குளவி இரகசியக் காப்புத் துணைக்குழுவை அங்கேயே அமைத்தார்கள். குற்றவாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்த சூசைமுத்துவிடம் டத்தோ குனிந்து வந்தார். "சூசை, மொதல்ல பார்த்தது நீதானே. அது கூடு எங்க கட்டியிருக்கு?"

சூசைமுத்து ஒரு நொடி யோசித்தார். "பதினாலாம் நம்பர்ல இல்ல டத்தோ. அங்க சும்மா வந்துட்டுப் போனது. அது இருப்பு, ஏழாம் நம்பருக்கும் அந்தாண்ட, எதிர் மலையில. மூணு மணி நேரம் நடக்கணும்."

பலகையும் அம்பும் ஏழாம் நம்பருக்குப் போயின. துரை அவரை மெஷின் வேலையிலிருந்து எடுத்துக் கழகத்துக்கு வழிகாட்டியாகக் கொடுத்துவிட்டார். வாரம் ஆறு நாள். பதினாலாம் நம்பரில் ராமையா ஒரு புதுச் சிவப்புத் துணியைக் கட்டினான், யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் ரீட்டா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். இருட்டிய பிறகு சேறும் அட்டைக்கடியுமாக வீடு திரும்புகிற சூசைமுத்துவுக்குச் சொல்லுவாள். இறகு முளைத்துவிட்டது. எழுந்து நிற்கிறது. குடுமி வந்துவிட்டது. இறக்கையை அடித்து அடித்துப் பார்க்கிறது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார்.

விழா கலைந்த எட்டாவது வாரம் அவர் ஒரு நாள் லீவு கேட்டார். ஒரே ஒரு நாள். குளவிக்கு இதுதான் உச்ச பருவம் என்று வனஸ்ஸா மறுத்துவிட்டாள். அந்தப் பருவத்தை எந்தப் புத்தகத்தில் பார்த்தாளோ. சூசைமுத்து தன்னுடைய நல்ல கைப்பேசியை ரீட்டாவிடம் கொடுத்து, அவளுடைய பழையதை எடுத்துக்கொண்டார். "பறக்குறப்ப ஒரு படம் எடுத்துரு. எனக்காக. புள்ளியா இருந்தாலும் பரவால்ல."

சனிக்கிழமை பத்து மணி. எதிர் மலையில் நாற்பத்தொரு பேர் கேமராவோடு குப்புறப் படுத்திருந்தார்கள், தலையில் சாக்கு. குளவியைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படித்தான் படுக்க வேண்டும் என்று சூசைமுத்துதான் சொல்லிக் கொடுத்தார். பச்சைப் புத்தகத்தின் புதுப் பதிப்பில் அது விதியாகிவிட்டது. பழைய கைப்பேசி சட்டைப்பையில் அதிர்ந்தது. சாக்குக்குள் தலையை இழுத்துக் காதில் வைத்தார்.

"ஏங்க, போயிருச்சுங்க."

அவர் கைப்பேசியைக் காதோடு அழுத்தினார். "என்னா போயிருச்சு?"

"பறந்து போயிருச்சு! மொதல்ல கெளையில நடந்துச்சு. அம்மாக்காரி அந்தாண்ட உக்காந்துக்கிட்டு கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒரு காத்து வந்துச்சு பாருங்க, அப்படியே பள்ளத்துல விழுந்துருச்சு. எனக்கு உசுரே போயிருச்சுங்க. அப்புறம் பார்த்தா பனிக்குள்ளேர்ந்து மேல வருது! என் தலைக்கு மேலதாங்க போச்சு. நெழல் என் மேல விழுந்துச்சு."

"படம் எடுத்தியா?"

"கையிலதான் வச்சிருந்தேன். மறந்துட்டேங்க. பார்த்துக்கிட்டே நின்னுட்டேன்."

திட்ட வேண்டும் போல இருந்தது. வாய் வரவில்லை. குஞ்சு பொரித்து எழுபத்திரண்டு நாள். பறக்கிற அந்த ஒரு நிமிஷம், அவர் இந்த மலையில் இல்லாத ஒன்றுக்குக் காவல் கிடக்கிறார்.

பக்கத்தில் சாக்கு ஒன்று நகர்ந்து வந்தது. டத்தோவின் குரல் கிசுகிசுத்தது. "என்னா சூசை? வருதா?"

"வருது டத்தோ," என்றார் சூசைமுத்து. "அசையாம இருங்க."

நாற்பத்தொரு பேரும் அசையவில்லை. ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. சூசைமுத்து சாக்கை முகத்துக்கு மேல் நன்றாக இழுத்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.